மை படாத ஏடுகள்

முன்னொரு காலத்தில், ஏதோ ஒரு ராஜ்ஜியத்தில், ராஜாவுக்குச் சட்டப் புத்தகம் எழுத ஆசை வந்தது. ராஜ்ஜியத்தின் பெயர் தெரியாது. தெரிந்ததுபோல் சொல்லி என்ன ஆகப்போகிறது? மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து நூறு ஏடு எழுதினார். ஏரி, மதகு, வாய்க்கால் எல்லாவற்றுக்கும் சட்டம். மீறினால் பன்னிரண்டு கசையடி.

எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து சரியாகத் தெரியாது. மை தடவித் துடைத்தால்தான் துலங்கும். அந்த மையை, முதலில் வாசித்துத் திருத்துகிறவரே ஏடு ஏடாகத் தடவ வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

ஏழு பண்டிதர்கள் புத்தகத்தை வாங்கிப் போனார்கள். மூன்றாம் நாள் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"பிரபோ! வரிக்கு வரி ஆராய்ந்தோம். குற்றம் என்று சொல்ல ஒரு புள்ளிகூட இல்லை" என்றார் தலைமைப் பண்டிதர் நாவலங்காரர். மற்ற ஆறு தலைகளும் ஆடின.

விகடகவி வேம்பன் மட்டும் தலையை ஆட்டவில்லை. படித்தவர்கள் ஒரே குரலில் பேசினால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். நாவலங்காரர் அதைக் கவனித்துவிட்டார். ராஜாவுக்குப் பக்கத்தில் வேம்பனுக்கு ஆசனம் போட்ட நாளிலிருந்தே அவருக்கு வயிற்றெரிச்சல்.

"வேம்பனாருக்குத் திருப்தி இல்லை போலிருக்கிறது, பிரபோ. அவரும் ஒருமுறை வாசிக்கட்டுமே."

ராஜா மீசையைத் தடவினார். "வேம்பா, நாளை மாலைக்குள் வாசித்துவிட்டு வா. என் நூலில் குற்றம் என்று உன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் நாக்கை அறுப்பேன். குற்றம் இருந்து, அது எனக்குத் தெரியாமல் போனால் தலையை எடுப்பேன்."

"உத்தரவு, மகாராஜா" என்றான் வேம்பன். வேறு என்ன சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்து ஏட்டுக் கட்டை அவிழ்த்தான். முதல் ஏட்டிலும் கடைசி ஏட்டிலும் மை இருந்தது. நடுவில் தொண்ணூற்றெட்டும் வெளுத்துக் கிடந்தன.

அவன் மனைவி பொன்னாச்சி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ஒண்ணுமே எழுதலயா?"

"எழுதியிருக்கு. எவனும் படிக்கல."

"அப்ப அதப் போய் சொல்லிட்டு வாங்களேன்."

"ஏழு பேரு ஒண்ணாப் பொய் சொன்னா, என் ஒருத்தன் பேச்ச யாரு நம்புவா? நீ மைய எடு."

மறுநாள் கோழி கூவியதும் உட்கார்ந்தான். தடவினான், துடைத்தான், வாசித்தான். உச்சிப் பொழுதுக்குள் முழங்கை வரை கறுப்பு. பன்னிரண்டாம் ஏடு சொன்னது: 'தை பிறக்குமுன் மதகைத் திறப்பவனுக்குக் கசையடி.' எழுபத்தொன்றாம் ஏடு சொன்னது: 'மார்கழி முடியுமுன் மதகைத் திறக்காதவனுக்குக் கசையடி.'

கட்டைக் கட்டிக்கொண்டு நேரே ஏரிக்கரைக்குப் போனான். மதகுக்காரர் சடையாண்டியைக் கூட்டிக்கொண்டான்.

"எதுக்குய்யா என்ன இழுத்துட்டுப் போற?"

"வாங்கண்ணே. உங்க முதுகு சமாச்சாரம்."

சபையில் வேம்பன் வணங்கி நின்றான். "நூலைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை, மகாராஜா. இவருக்குத்தான் ஒரு சந்தேகம். வரிக்கு வரி வாசித்தவர்கள் தீர்த்துவைத்தால் போதும். ஒவ்வொருவராக மகாராஜாவின் காதில் மட்டும் சொல்லட்டும்."

சடையாண்டி கும்பிட்டார். "சாமீ, புதுச் சட்டப்படி மதகை மார்கழியில தொறக்கவா, தையில தொறக்கவா?"

பண்டிதர்கள் ஒவ்வொருவராக ராஜாவின் காதருகே குனிந்தார்கள். மூன்று பேர் மார்கழி என்றார்கள். இரண்டு பேர் தை என்றார்கள். ஒருவர், மன்னர் விரும்பும்போது என்றார். நாவலங்காரர், நூலில் உள்ளபடி என்றார்.

ராஜாவின் முகம் மாறியது. "நூலில் எங்கே?"

"பன்னிரண்டாம் ஏடு, எழுபத்தொன்றாம் ஏடு" என்று மட்டும் சொன்னான் வேம்பன்.

ராஜா அதை வாசித்தார், இதை வாசித்தார், மறுபடியும் அதை வாசித்தார். "அப்படியானால் இந்த மனிதர் என்ன செய்தாலும் அடி வாங்க வேண்டுமா?"

"அதான் சாமீ" என்றார் சடையாண்டி. "எந்த மாசம் வந்து வாங்கிக்கணும்னு தெரிஞ்சா, வேலைய அதுக்குத் தக்கபடி வச்சுக்குவேன்."

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு வேம்பனின் கையைப் பார்த்தார். பிறகு பண்டிதர்களின் கைகளைப் பார்த்தார். பதினான்கு கையிலும் சந்தனம்தான்.

"வாசித்தோம் பிரபோ! மையைக் கழுவிவிட்டோம்" என்றார் நாவலங்காரர்.

"நானும் அரப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை" என்றான் வேம்பன். "பண்டிதர் என்ன போட்டுக் கழுவினார் என்று சொன்னால் உபகாரமாக இருக்கும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வேம்பனுக்குப் போட்டார். எழுபத்தொன்றாம் ஏட்டைத் தன் கையாலேயே உருவி எறிந்தார். இனிமேல் குற்றம் இல்லை என்று சொல்ல வருகிறவர் முதலில் கையைக் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அடுத்த வருஷம் ராஜா இன்னொரு புத்தகம் எழுதினார். ஏழு பண்டிதர்களும் முழங்கை வரை மையோடு வந்து, குற்றமே இல்லை என்றார்கள்.

வேம்பன் அவர்களுடைய கையைப் பார்க்கவே இல்லை. சடையாண்டியைக் கூப்பிட ஆள் அனுப்பினான்.