தாகமே எடுக்கலை

"தாயே, எங்கம்மா தண்ணி குடிக்க மாட்டேங்கிறாங்க" என்றார் பூமிநாதன்.

சிறுமலை அடிவாரத்து மடத்தில் சின்னத்தாய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பத்தொன்று. பூமிநாதனுக்கு ஐம்பத்தாறு, திண்டுக்கல்லில் பூட்டுக் கடை. தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரைக் குரு என்று கும்பிட முதலில் அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து பழகிவிட்டது.

"ஏன் மாட்டேங்கிறாங்க?"

"கேட்டா, தாகமே எடுக்கலைப்பாங்கிறாங்க. எப்பக் கேட்டாலும் அதே பதில்."

"இந்த வெயில்லயா?"

"அதான் எனக்கும் புரியலை. உதடு வெடிச்சுக் கிடக்கு. எந்திரிச்சா தலை சுத்துது. ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில சேர்த்து குளுக்கோஸ் ஏத்தியாச்சு. இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னிக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார்."

அம்மா நாச்சம்மாளுக்கு எழுபத்தொன்பது வயது. பூமிநாதன் ஒரே பிள்ளை.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யலைன்னு கேளுங்க தாயே! சித்திரையில பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. உள்ளே தாப்பா போட்டிருந்தாங்க. கதவை உடைச்சுத்தான் தூக்கினேன். அரை மணி நேரம் ஈரத்துல கிடந்திருக்காங்க. இனி ஒரு குறை வைக்கக் கூடாதுன்னு அன்னைக்கு முடிவு பண்ணினேன். வழுக்காத தரை போட்டேன். பிடிச்சு நடக்க சுவத்துல கம்பி. தாப்பா இல்லாம புதுக் கதவு. கூடத்துல கேமரா. பகல்ல பாத்துக்க ஒரு நர்சம்மா. தண்ணி குடிக்கச் சொல்லி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன்ல அலாரம்."

"அலாரம் அடிச்சா?"

"அணைச்சிட்டுப் படுத்துக்கிறாங்க."

சின்னத்தாய் சிரித்துவிட்டார். பூமிநாதனுக்குச் சுருக்கென்றது.

"சிரிக்காதீங்க தாயே. அவங்களை எப்படிக் குடிக்க வைக்கிறது? அதைச் சொல்லுங்க."

"எனக்கென்ன தெரியும்? ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க."

"அங்கே அம்மா..."

"நர்சம்மா இருக்காங்க. கேமரா இருக்கு."

பூமிநாதன் தங்கினார்.

மறுநாள் காலை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மடத்தில் குளிக்கவும் மற்றதற்கும் ஒரே அறைதான். கதவைச் சாத்திவிட்டுப் பழக்கத்தில் கையைக் கொண்டுபோனால், தாழ்ப்பாளைக் காணோம். திருகாணி இருந்த இடத்தில் நாலு ஓட்டை. போன தைப்பூசத்துக்குத் தன் கடையிலிருந்து கொண்டுவந்து அவரே மாட்டிய தாழ்ப்பாள் அது.

வெளியே வந்தார்.

"தாயே, தாப்பாளைக் காணோம்."

"கழட்டிட்டேன்."

"எதுக்கு?"

"அந்தத் தரை வழுக்கும். நீங்க உள்ளே விழுந்து கிடந்தா நாங்க என்ன பண்றது?"

"நான் என்ன கிழவனா?"

"இளந்தாரிதான். ஆனா எங்களுக்குப் பயமா இருக்காதா?"

"யாராவது வந்துட்டா?"

"வந்தா என்ன? எல்லாம் நம்ம ஆளுங்கதானே."

மறுபடி உள்ளே போனார். கதவு அடுக்களையைப் பார்த்து இருந்தது. சும்மா சாத்தினால் நிற்கவும் இல்லை. மெல்ல மெல்லத் திறந்துகொண்டது. தண்ணீர் வாளியை முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிற மனுஷன், ஒரு பிளாஸ்டிக் வாளியை நம்பி.

சமையல் பார்க்கிற முத்துப்பேச்சிக்குக் காது மந்தம். வாளியைத் தேடி வந்தவள் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"யாரு உள்ளே? அட, பூட்டுக்கடை அண்ணாச்சியா!"

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காலைப் பலகாரத்தோடு காபி வந்தது. வேண்டாம் என்றார்.

பத்து மணிக்கு மடத்தைத் தரிசிக்க வேனில் முப்பது பெண்கள் வந்து இறங்கினார்கள். அடுக்களை முற்றம் முழுக்க அவர்கள் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. பூமிநாதன் இரண்டு முறை அந்தப் பக்கம் போய் இரண்டு முறையும் திரும்பி வந்தார்.

மதியச் சாப்பாட்டில் மோரை மறுத்தார். ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினார்.

மூன்று மணிக்குச் சின்னத்தாய் ஒரு டம்ளரோடு வந்தார். பானகம். எலுமிச்சையும் சுக்கும் மணத்தது.

"குடிங்க."

"வேண்டாம் தாயே."

"காலையில இருந்து ஒண்ணும் குடிக்கலைன்னு பேச்சி சொல்றா. உதடு காஞ்சு போச்சே!"

"தாகமே எடுக்கலை" என்றார் பூமிநாதன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

சின்னத்தாய் டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"புதுக் கதவு மாட்டின அன்னைக்கு அம்மா வந்து பாத்தாங்க" என்றார் பூமிநாதன். "தாப்பா எங்கப்பான்னாங்க. எதுக்கும்மா, எல்லாம் நம்ம ஆளுங்கதானேன்னேன். அதுக்கப்புறம் அவங்க ஒண்ணும் கேக்கலை."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் இருக்கேன். மீசை முளைச்ச பேரனுங்க ரெண்டு பேர் இருக்கானுங்க. எங்கம்மா எங்க முன்னாடி ஈரச் சேலையோட நின்னது கிடையாது தாயே."

முற்றத்துப் பெண்கள் புறப்படத் தயாரானார்கள். வேன் உறுமியது. பூமிநாதன் துண்டை எடுத்தார்.

"சரி, தாப்பா மாட்டிடறேன். மறுபடியும் உள்ளே போட்டுக்கிட்டு விழுந்துட்டா? நான் மறுபடியும் கதவை உடைக்கவா?"

"பூட்டுக் கடை வச்சிருக்கிறது நீங்களா, நானா?"



"கடையில மூணாவது தட்டுல ஒரு பூட்டு இருக்கு" என்றார் பூமிநாதன் மெதுவாக. "உள்ளே போட்டுக்கலாம். ஆபத்துன்னா வெளியே இருந்து குட்டிச் சாவி போட்டுத் திறக்கலாம். ஆஸ்பத்திரிக்காரங்க பெட்டி பெட்டியா வாங்கிட்டுப் போறாங்க. வீட்டுக்கு ஒண்ணு கொண்டு போகத் தோணலையே எனக்கு!"

எழுந்து பையை எடுத்தார். நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தால் கடை அடைப்பதற்குள் போய்விடலாம்.

வாசலில் சின்னத்தாய் கேட்டார்.

"அந்தக் குட்டிச் சாவி யார் கையில இருக்கும்?"

"என்..." என்று தொடங்கியவர் நின்றார்.

"அம்மாவைக் கேக்கணும்" என்றார்.