குக்கர் வாலைப் பறிச்ச கதை

இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் என் நாக்குல கடுகு தாளிச்சுக்குங்க. அத்தனையும் நெசம்.

அந்தக் காலத்துல, அம்மியும் பானையும் வாய் கிழியப் பேசிக்கிட்டிருந்த காலத்துல, குன்னூர் மலையில ஒரு தொரை பங்களா இருந்துச்சு. அங்க சமையல் சவரியப்பன். கைப்பக்குவத்துல கெட்டிக்காரன்தான். ஆனா தலையில அடிச்சுக்கிட்டேதான் சமைப்பான். காரணம், தொரசாணி பாஷை.

கடுகைத் தாளிக்கணுமா, ‘ப்ரை’ம்பா. வெங்காயத்தை வதக்கணுமா, அதுக்கும் ப்ரை. மொளகாயை வறுக்க, அப்பளத்தைப் பொரிக்க, எல்லாத்துக்கும் அதே எழவு ப்ரைதான். ஒருநாள் வெங்காயத்தை ப்ரை பண்ணச் சொன்னா. இவன் எண்ணெயில முக்கிக் கருக மொறுகப் பொரிச்சு வச்சான். கெடச்சுது திட்டு.

சரி, சிக்கனமாப் பேசுற சனம்போலன்னு பாத்தா, நாம ‘சுடு’ன்னு ஒரே சொல்லுல முடிக்கிறதுக்கு பேக்கு, ரோஸ்ட்டு, டோஸ்ட்டு, கிரில்லுன்னு நாலு வச்சிருக்கா!

“ஒரு ரொட்டியச் சுட நாலு பேரா? பெத்த புள்ளைக்கே ஒரு பேருதானய்யா வைக்கிறோம்!”னு அடுப்புகிட்டப் பொலம்புவான்.

அதைவிடக் கொடுமை, கடைசியில வர்ற அந்த ‘அர்’ங்கிற வால். காரு ஓட்டுறவன் டிரைவர். துணி தைக்கிறவன் டெய்லர். அரைக்குதுன்னு அம்மிக்கல்லுக்குக்கூட கிரைண்டர்னு பட்டம் குடுத்துட்டா தொரசாணி. சமைக்கிறவனுக்கு மட்டும் வால் வரல.

வீட்டுல பொண்டாட்டி மிக்கேலம்மா விடுவாளா?

“கோயில்ல டிரைவர் சம்சாரம், டெய்லர் சம்சாரம்னு எந்திரிச்சு எடம் விடுறாளுக. என்னை மட்டும் ‘அடுப்பூதுறவன் பொண்டாட்டி’ங்கிறாளுக. ஞாயித்துக்கெழமைக்குள்ள நீ வாலோட வரல, இந்த வாசப்படிய மிதிக்காத!”

சவரியப்பன் தொரசாணிகிட்டப் போயி நின்னான். அவளும், “சனிக்கிழமை மத்தியானம் வந்து பார்ப்பேன். யாரு சமைக்குதோ, அதுதான் குக்கர்”னுட்டா.

சனிக்கிழமை ஆட்டுக்கறியப் பித்தளைப் பானையில போட்டு அடுப்புல ஏத்துனான். வெத்தலையப் போட்டுக்கிட்டுக் குந்துனான். பானை ஆரம்பிச்சுது.

“ஏன்டா சவரி, நெருப்புல வேகுறவ நான். கறிய வேக வைக்கிறவளும் நான். வெத்தலை மெல்லுற உனக்கு எதுக்குடா வாலு?”

“வாய மூடு.”

“மாட்டேன். தொரசாணி வரட்டும், உன் வண்டவாளத்தை எடுத்து விடுறேன்.”

இவனுக்கு வந்துச்சே ஆத்திரம்! மூடிய எடுத்து அதோட வாயில அறைஞ்சான். சுத்தி மாவை அப்பி அடைச்சான். அதுக்கும் மேல அம்மிக் குழவியத் தூக்கி வச்சான். “இப்பப் பேசுடி!”

சொல்ல வந்ததெல்லாம் பானைக்குள்ளயே கொதிச்சுது. வயிறு உப்புது, மூடி ஆடுது. கொஞ்ச நேரத்துல ஒரு சந்து கெடச்சுது பாருங்க, ‘உஸ்ஸ்ஸ்ஸ்!’ பங்களாவே அதிருது. தொரை நாய் கட்டிலுக்கு அடியில.

தொரசாணி அலறி அடிச்சுக்கிட்டு ஓடி வந்தா. “என்ன சத்தம்? யாரு பண்ணுனது?”

பீங்கான் தட்டு ஒடைஞ்சாலும், பால் பொங்கி வழிஞ்சாலும் பத்து வருஷமா என்ன சொல்லுவானோ, அதையேதான் அந்தப் பாழாப்போன நாக்கு சொல்லுச்சு.

“நான் இல்லீங்க தொரசாணி! நான் ஒண்ணுமே பண்ணல! எல்லாம் அதுதான் பண்ணுச்சு!”

ஆவி அடங்குனதும் தொறந்து ஒரு துண்டு கறிய வாயில போட்டா. வெண்ணெயாட்டம் கரையுது.

“இதையும் அதுதான் பண்ணுச்சா?”

“சத்தியமா அதுதாங்க!”

“அப்போ அதுதான் குக்கர்”னு வாலை எடுத்துப் பானைக்கு ஒட்டிட்டா.

சவரியப்பன் வெத்தலைய முழுங்கிட்டான். “ஐயோ, அப்ப நானு?”

“நீ வெறும் குக்.”

வால் அறுந்த பல்லியாட்டம் வீட்டுக்குப் போனான். “எங்கய்யா வாலு?”ன்னா மிக்கேலம்மா.

“பானைக்குப் போயிருச்சு.”

“அப்பப் போயி அந்தப் பானையோடயே குடும்பம் நடத்து!”ன்னு கதவைச் சாத்துனா.

அன்னையிலேருந்துதான் சமைக்கிற மனுசன் வெறும் குக்கு, சட்டி குக்கர். அன்னையிலேருந்துதான் அது தலையில ஒரு குண்டு. வால் கெடச்ச திமிருல தெருவுக்கே கேக்குற மாதிரி விசிலு. சமைக்கிறவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு அதை எண்ணுறான்.

எங்க நழுவுறீங்க? கதை கேட்டவங்க ஆளுக்கு ரெண்டு வடை சுட்டு வைங்க. எண்ணெயில பொரிக்கிறதை ஏன்டா சுடுறதுங்கிறோம்னு தொரசாணி மாதிரி என்னைக் குடையாதீங்க. வடைய வைங்க.