அரசரின் பார்வை நின்ற இடம்

மருதவளநாட்டு அரசர் பூதலவீரர் யோகம் பழகத் தொடங்கியதிலிருந்து அரண்மனையில் யாருக்கும் நிம்மதி இல்லை. மரம்போல ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நூறு எண்ணும்வரை விழக் கூடாது. அவரோ பத்தைத் தாண்டியதில்லை.

“பார்வை ஓரிடத்தில் நின்றால் உடம்பும் நிற்கும்” என்றார் யோகாசிரியர். எதிரே விளக்கை வைத்தார்கள். அரசரின் கண் சுடரிலிருந்து எண்ணெய்க்குப் போனது, எண்ணெயில் மிதந்த பூச்சிக்குப் போனது, விழுந்தார். தாமரையை வைத்தார்கள். பின்சுவரில் பல்லி ஓடியது, விழுந்தார்.

பௌர்ணமியன்று பக்கத்து நாட்டு அரசர் வருகிறார். அவர் முன் நின்று காட்டுவதாக ஓலை வேறு போய்விட்டது.

“விதூஷகர் கூத்தபிரானிடம் விடுங்கள், அரசே” என்றார் அமைச்சர் அரியநாயகர். “முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும். சிரிக்க வைத்தே சோறு தின்கிறவர்தானே.”

அரசர் அப்படியே உத்தரவு போட்டார். கூத்தபிரான் யோசித்தார். மனைவி நிறைமாதம், இந்த நேரத்தில் எந்த நாட்டுக்குப் போவது?

“ஒரு வாக்கு வேண்டும், அரசே. நாளை சபையில் நான் எதை எங்கே வைத்தாலும் தாங்கள் கோபிக்கக் கூடாது. மற்றவர்கள் மறுக்கக் கூடாது.”

“கொடுத்தேன்.”

மறுநாள் காலை அரசர் சிம்மாசனத்துக்கு எதிரே வந்து நின்றார்.

“அமைச்சரே, அதில் கொஞ்சம் உட்காருங்கள்” என்றார் கூத்தபிரான்.

“எதில்?”

“சிம்மாசனத்தில்.”

அரசரைத் தவிர வேறு யார் அதில் உட்கார்ந்தாலும் தலை போகும் என்பது அந்நாட்டு வழக்கம். அரியநாயகர் அரசரைப் பார்த்தார். வாக்குக் கொடுத்துவிட்ட அரசர், வேறு வழியில்லாமல் தலையாட்டினார். அமைச்சர் விளிம்பில் ஒட்டிக்கொண்டார்.

அரசர் காலைத் தூக்கினார்; அவர் கண்கள் அமைச்சர்மேல் குத்தி நின்றன. கூத்தபிரான் எண்ணத் தொடங்கினார். முப்பதில் அமைச்சர் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். அறுபதில் முதுகு சாய்ந்தது. எண்பதில் அவர் கை தானாகவே கைப்பிடிச் சிங்கத்தின் தலையைத் தடவியது. அரசர் ஆடவில்லை, இமைக்கவும் இல்லை. நூறு போய் நூற்றைம்பது ஆயிற்று.

“போதும் அரசே, காலை இறக்கலாம்.”

“முதலில் அவர் இறங்கட்டும்.”

அமைச்சர் துள்ளி இறங்கினார். அரசர் காலை ஊன்றி, பெருமையோடு மூச்சு விட்டார்.

“இப்படி இமைக்காமல் பார்க்க இந்த நாட்டில் வேறு யாரால் முடியும், கூத்தபிரான்?”

“அமைச்சரால் முடியும், அரசே. தாங்கள் பார்த்தது நூற்றைம்பது எண்ணும் நேரம். அவர் அந்த ஆசனத்தை இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.”

அரசர் சிரித்த சிரிப்பில் இரண்டு காலில் நின்றும் தள்ளாடினார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். பிறகு அரியநாயகர் பக்கம் திரும்பினார்.

“பௌர்ணமிக்கும் நீரே வந்து உட்காரும், அமைச்சரே. சாயாமல்.”