ராஜா செய்த சின்னக் கரண்டி

நெடுங்குளத்து ராஜா கஜேந்திர பூபதி மாம்பழத்தைக்கூட உப்புப் போட்டுத்தான் தின்பார். பாயசத்துக்கும் தொட்டுக்கொள்ள ஊறுகாய் வேண்டும். அதன் பலன், கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. நாலு படி ஏறினால் தலை சுற்றியது.

வைத்தியர் மருதப்பர் நாடி பார்த்தார். "சமையல், ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கரண்டி உப்பு. அதுவும் தலைதட்டி. கூடவே நிலவேம்புக் கஷாயம் மூன்று சின்னக் கரண்டி."

ராஜா மறுக்கவில்லை. தட்டானை அழைத்தார். மறுநாள் காலை சபையில் ஒரு வெள்ளிக் கரண்டியைத் தூக்கிக் காட்டினார். அதில் குழந்தையைக் குளிப்பாட்டலாம்.

"இனி இந்த அரண்மனையில் சின்னக் கரண்டி என்றால் இதுதான். இல்லை என்பவனுக்கு இந்த ஊரில் இடமில்லை."

மருதப்பர் வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற விதூஷகன் அம்பலவாணன் அவர் காலை மிதித்தான். வைத்தியர் போனால் ராஜாவும் போய்விடுவார். அப்புறம் தன் கிண்டலுக்குச் சிரிக்க ஆள் ஏது என்ற கவலை அவனுக்கு.

"உத்தரவு மகாராஜா. எல்லாவற்றுக்கும் இதே அளவுதானே?"

"எல்லாவற்றுக்கும்தான்."

"ஓலையில் எழுதி முத்திரை போட்டுவிடுங்கள்."

போட்டார்.

மதியம் ராஜா இலை முன்னால் உட்கார்ந்தார். ஓரத்தில் உப்பு மலையாகக் குவிந்திருந்தது. சோற்றில் கை வைக்குமுன் இரண்டு சேவகர்கள் ஓர் அண்டாவைத் தூக்கி வந்தார்கள். உள்ளே கஷாயம். அம்பலவாணன் வெள்ளிக் கரண்டியை முக்கி எடுத்து நீட்டினான்.

முதல் கரண்டி முடிவதற்குள் ராஜாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இன்னும் எவ்வளவு?"

"இரண்டுதான். சின்னக் கரண்டிதானே."

"கஷாயத்துக்கு வைத்தியர் கரண்டி, உப்புக்கு என் கரண்டி. அப்படி மாற்று."

"முத்திரை போட்டாயிற்றே மகாராஜா. மீறினால் ஊரில் இடமில்லை. தாங்கள் எந்த ஊருக்குப் போவீர்கள்?"

ராஜா முறைத்தார். வீங்கிய காலைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஓலையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மருதப்பரின் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"என்ன பரிசு வேண்டும், கேள்."

"அரண்மனை ஊறுகாய் ஜாடிகள் இனிச் சும்மாதானே இருக்கும்? அவற்றை என் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்."

"அனுப்புகிறேன். ஜாடியோடு மருதப்பரும் வருவார். தினமும் உன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்தான் உனக்கு அளந்து போடுவார்."