இரண்டு கல்லுப்பாதைகள்

சுகந்தினியிடம் ட்ரெய்லர் இழுக்கப் பழக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். எந்த ட்ரக் வாங்கலாம்?

குலசிங்கமும் அதைத்தான் கேட்டார்.

கனடாவின் மேற்கே, மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் உள்ள சிறிய நகரம் அது. சுகந்தினி பதினாறு வருடம் அந்த மலைகளுக்கு மேலால் மரக்கட்டை லாரி ஓட்டியவர். இப்போது நாற்பத்திரண்டு வயது. நகரத்துக்கு வெளியே சரளைக்கல் பரப்பிய ஒரு வெட்டவெளியில், பின்னால் வண்டி பூட்டி ஓட்ட ஆட்களைப் பழக்கிவந்தார். அங்கிருந்த தமிழர்கள் அவரை ரீச்சர் என்றார்கள். அதிகம் பேசமாட்டார் என்றும் சொன்னார்கள்.

குலசிங்கம் அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர். குளிரூட்டிய உணவுக் கிடங்கு ஒன்றில் இருபத்துமூன்று வருடம் வேலை. மனைவி பவளராணி ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைத்த கோடைகள் மிகக் குறைவு. பிள்ளைகள் இருவரும் தூர நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அந்த வருடம் பனி கரைந்ததும் குலசிங்கம் ஒரு கேம்பிங் ட்ரெய்லர் வாங்கினார். இருபத்தாறு அடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் இருந்தன. சக்கரம் வைத்த ஒரு வீடு. வேலை முடிந்து வந்தால் அவர் வீட்டுக்குள் போவதற்கு முன் அதற்குள் போய்ச் சற்று நேரம் இருந்துவிட்டுத்தான் வருவார்.

அதை இழுக்க ஒரு ட்ரக் வேண்டியிருந்தது.

"எந்த ட்ரக் எண்டு பிறகு பாப்பம்" என்றார் சுகந்தினி. "பயணம் போற மாதிரி எல்லாத்தையும் அதுக்குள்ள ஏத்தி வையுங்கோ அண்ணை. நான் வந்து இழுக்கிறன்."

குலசிங்கம் ஏற்றினார். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர் இரண்டு, ஜெனரேட்டர், கதிரைகள், கிரைண்டர், தண்ணீர்த் தொட்டி நிறையத் தண்ணீர். சுகந்தினி தன்னுடைய ட்ரக்கில் அதைப் பூட்டி, நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடைக்குக் கொண்டுபோனார். ட்ரெய்லரின் கடதாசியில் இரண்டரைத் தொன் என்று எழுதியிருந்தது. மேடை மூன்றேகால் காட்டியது.

குலசிங்கம் மேடை பழுதாக இருக்கலாம் என்றார். பழக்கும் வெளிக்குத் திரும்பிவந்ததும் சுகந்தினி, மூலையில் கிடந்த ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் சரளையை அள்ளி நிரப்பினார். வெளிக்குப் பின்னால் ஒரு மேடு இருந்தது. அதன் உச்சிவரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.

மேலே போகும்போது குலசிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் போய்விட்டார். இறங்கும்போது நாலு அடி வைப்பதற்குள் வண்டி கைப்பிடியை அவரிடமிருந்து பறிக்கப் பார்த்தது. குதிக்கால் சறுக்கியது. பாதி வழியில் ஓடத் தொடங்கினார். அடிவாரத்தில் வண்டி கவிழ்ந்து, அவர் சரளையின் மேல் முழங்கால் குத்தி விழுந்தார்.

"எது கஷ்டம்?" என்று சுகந்தினி கேட்டார்.

"இறங்கிறது."

"ட்ரக் கடையில இறங்கிறதைப் பற்றிக் கேளுங்கோ."

தன் வயதுக்கு இந்த விளையாட்டு வேண்டியதில்லை என்று குலசிங்கம் வீடு திரும்பும் வழியெல்லாம், கூட வந்திருந்த பவளராணியிடம் சொல்லிக்கொண்டு வந்தார். முழங்காலில் இரத்தம் கசிந்து காற்சட்டையில் ஒட்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு விற்பனை நிலையத்தில் நீல நிற ட்ரக் ஒன்றைப் பார்த்தார். அளவான ட்ரக். தோல் இருக்கை. மூன்றரைத் தொன் வரை இழுக்கும் என்று விற்பவர் சொன்னார். அது பொய்யில்லை. இறங்குவதைப் பற்றிக் குலசிங்கம் கேட்கவில்லை. கேட்க நினைத்ததாகவும், இருக்கையில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டதாகவும் பிறகு சொன்னார்.

ட்ரெய்லரையும் பூட்டிக்கொண்டு அவர் பழக்கும் வெளிக்கு வந்தபோது சுகந்தினி நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். ட்ரக்கின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு மேலே நின்றது. ட்ரெய்லருக்கென்று தனி பிரேக் உண்டு. ட்ரக்கின் பிரேக்கை மிதித்தால் ட்ரெய்லரின் பிரேக்கும் சேர்ந்து பிடிக்க வேண்டும். அதற்கான கருவி இந்த ட்ரக்கில் இல்லை. வரவழைத்துப் பூட்ட ஒரு வாரம் ஆகும் என்றார் சுகந்தினி. பாரத்தில் பாதியையும் இறக்கச் சொன்னார்.

"இழுக்குது தானே ரீச்சர்?"

"நல்லா இழுக்கும்" என்றார் அவர். "இதோட மலை இறங்காதேங்கோ."

குலசிங்கம் சரி என்றார். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு மலைக்கு அப்பால் ஒரு ஏரிக்கரையில் இடம் பிடித்தாயிற்று. பவளராணிக்கும் அந்த வாரம்தான் லீவு. சமதரை வழியாகச் சுற்றிப் போனால் ஒரு நாள் கூடுதலாகப் போய்விடும். வியாழக்கிழமை மாலைவரை சுற்றித்தான் போவது என்றிருந்தார். வெள்ளிக்கிழமை காலை, பிரியும் சந்தியில், மலைப் பக்கம் திருப்பினார். பவளராணி அவரைப் பார்த்தார்.

ஏற்றத்தில் ட்ரக் முனகாமல் ஏறியது. பின்னால் ஒன்றும் இல்லாதது போல இருந்தது. உச்சியில் நிறுத்தி இருவரும் தேநீர் குடித்தார்கள். குலசிங்கம் ட்ரெய்லரின் பக்கத்தைத் தட்டிக்கொடுத்தார். பதினொரு மணி. நல்ல வெயில்.

இறக்கம் பதின்மூன்று கிலோமீட்டர் என்று பலகை சொன்னது.

முதல் கிலோமீட்டரில் அவர் இடைக்கிடை பிரேக்கைத் தொட்டார். இரண்டாவதில் கால் பெடலை விட்டு எழவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. கியரைக் குறைத்தார். என்ஜின் அலறியது, வேகம் குறையவில்லை. ஒரு லாரி அவரைத் தாண்டிப் போனது. அதன் காற்றில் ட்ரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு மறு பக்கம். ஸ்டியரிங் இலேசாகிவிட்டது. முன்சக்கரங்கள் வீதியைத் தொடுகின்றனவா என்றே தெரியவில்லை.

ஏதோ கருகும் மணம் வந்தது.

"என்ன மணக்குது?" என்றார் பவளராணி.

குலசிங்கம் மறுபடி பிரேக்கை மிதித்தார். பெடல் மென்மையாகிவிட்டிருந்தது. மிதித்தால் தரைவரை போனது.

அப்போது வலப் பக்கம் மஞ்சள் பலகை தெரிந்தது. பிரேக் போன வண்டிகளுக்காக அந்த மலையில் இரண்டு இடங்களில் தனிப்பாதை வெட்டியிருக்கிறார்கள். வீதியிலிருந்து பிரிந்து மேல்நோக்கி ஏறும் பாதை. முழுக்கக் கூழாங்கல். ஓடி வரும் வண்டி அதற்குள் புகுந்தால் சக்கரம் கல்லில் புதைந்து நின்றுவிடும். வண்டி உருப்படியாகத் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை. உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்கள்.

பலகையில் அம்புக்குறி இருந்தது. முந்நூறு மீட்டர்.

"அதுக்குள்ள விடுங்கோ" என்றார் பவளராணி.

குலசிங்கம் அந்தப் பாதையைப் பார்த்தார். கண்ணாடியில் ட்ரெய்லரையும் பார்த்தார். அதன் சிறிய ஜன்னலுக்குப் பவளராணி தைத்துப் போட்ட திரைச்சீலை தெரிந்தது. கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. திருப்பினால் போதும்.

"இன்னும் கொஞ்சம் பிடிக்குது" என்றார்.

பாதை அவர்களைக் கடந்து பின்னால் போனது.

பிடிக்கவில்லை. அடுத்த நான்கு கிலோமீட்டர் அவருக்குச் சரியாக நினைவில்லை. வளைவுகள் மட்டும் நினைவிருக்கின்றன. ஒரு வளைவில் ட்ரெய்லரின் ஒரு பக்கச் சக்கரங்கள் வீதியை விட்டு எழுந்து மறுபடி விழுந்தன. எதிரே வந்த கார் ஓரத்துக்குப் பாய்ந்தது. அதற்குள் இரண்டு பேரின் முகத்தை அவர் பார்த்தார். பவளராணி கத்தவில்லை. ஒரு கையால் முன்பலகையையும் மறு கையால் தன் இருக்கையின் விளிம்பையும் பிடித்துக்கொண்டு, இன்னொரு பலகை வருகிறதா என்று வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் கண்டார்.

"அந்தா. இப்ப விடுங்கோ."

இந்த முறை அவர் திருப்பினார்.

கல் இரண்டு பக்கமும் அலை போல எழுந்து கண்ணாடியை மூடியது. ட்ரக் மூக்குக் குத்தி நின்றது. ட்ரெய்லர் நிற்கவில்லை. அது பக்கவாட்டில் வந்து ட்ரக்கின் முதுகை முறுக்கி, இரண்டையும் பூட்டியிருந்த கொளுவியைப் பிய்த்துக்கொண்டு, குப்புற விழுந்து, கூரை பிளந்தது. அரிசி கல்லின் மேல் கொட்டிக்கொண்டே இருந்த சத்தத்தைக் குலசிங்கம் கேட்டார். வேறு சத்தம் இல்லை. பிறகுதான் பவளராணி முனகியது கேட்டது.

பவளராணிக்குக் காறை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. விலா எலும்பு ஒன்றும்.

ஆறு வாரம் கழித்து அவர்கள் சுகந்தினியிடம் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து விட்டுப் போனார். பவளராணியின் கை இன்னும் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. சுகந்தினி தன்னுடைய ட்ரக்கின் பின்கதவைத் திறந்து இறக்கி, அதன்மேல் ஒரு போர்வையை மடித்துப் போட்டு, பவளராணியை இருத்தினார். ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி முதலில் அவருக்குக் கொடுத்தார்.

குலசிங்கம் நின்றுகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னார். தான் சொல் கேளாததைச் சொன்னார். எதிரே வந்த காரைச் சொன்னார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. இனி மலைப் பக்கமே போவதில்லை என்று இருந்தாராம். ஆனால் பவளராணிதான் அடுத்த கோடைக்கு ஏரிக்குப் போக வேண்டும் என்கிறாராம். சின்ன ட்ரெய்லர் ஒன்று பார்க்கலாம் என்கிறாராம்.

அதனால் மறுபடியும் அதையே கேட்க வந்தேன் என்றார்.

சுகந்தினி அவரைப் பார்த்தார். "முதலாவது பாதைக்குள்ள ஏன் விடேல்லை?"

"பிரேக் இன்னும் பிடிக்குது எண்டு நினைச்சனான்."

சுகந்தினி அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றி நீட்டினார்.

"இல்லை" என்றார் குலசிங்கம். கோப்பையை வாங்கிக்கொண்டார். "ஊரில சண்டைக்குள்ள மூண்டு வீட்டை விட்டிட்டு ஓடினனாங்கள் ரீச்சர். ஒண்டைப் பூட்டவும் நேரம் கிடைக்கேல்லை. இஞ்ச வந்து வாடகை வீடுதான். அந்த ட்ரெய்லர்தான் என்ர எண்டு இருந்தது. இனி ஒண்டையும் விட்டிட்டுப் போறேல்லை எண்டு மனசுக்குள்ள இருந்தது. அந்த முந்நூறு மீட்டரில எனக்கு அதுதான் தெரிஞ்சது."

இதை அவர் பவளராணியிடமும் சொல்லியிருக்கவில்லை. பவளராணி கோப்பையைப் பக்கத்தில் வைத்தார்.

"மூண்டு தரமும் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் வெளிக்கிட்டனீங்கள்" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று குலசிங்கத்துக்குப் பட்டது. வெளியின் மறு பக்கத்தில் யாரோ ஒரு பெண் பின்பக்கமாக ட்ரெய்லரைத் தள்ளப் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டு தரம் எல்லைக்கு வைத்த கூம்புகளை இடித்துவிட்டு, மூன்றாம் தரம் நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

குலசிங்கம் சுகந்தினியிடம் திரும்பினார்.

"அப்ப எந்த ட்ரக் வாங்கலாம் எண்டு சொல்லுங்கோ ரீச்சர்."

சுகந்தினி ஃபிளாஸ்கை இறுக்கி மூடினார்.

"முதலாவது பாதையிலயே விட்டிட்டு இறங்க உங்களுக்கு மனம் வாற ட்ரக்கா பாத்து வாங்குங்கோ அண்ணை."