ஸ்டாண்டு வைத்த இடம்

“லேசர் பொய் சொல்லுது, தாயி,” என்றார் ஒச்சப்பன்.

தமயந்தி வரப்பில் நின்று வயலைப் பார்த்தாள். மோட்டார் போட்டு விட்ட தண்ணீர் மேற்கே நாலு விரல் ஆழத்துக்கு நின்றது. கிழக்கே மண் நனையக்கூட இல்லை.

மூன்று மாதமாக ஒச்சப்பன் அவளிடம், லேசர் காட்டும் மட்டத்துக்கு வயலைச் சமன் செய்யும் வண்டியை ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். அவளுக்கு முப்பத்திரண்டு வயது, அவருக்கு ஐம்பத்தைந்து. அவர் தனியாக ஓட்டிச் சமன் செய்த முதல் வயல் இது. அவருடைய சொந்த வயல்.

“எங்க ஆரம்பிச்சீங்க?”

“கிழக்கால. சுத்திச் சுத்தி மேற்க போனேன். பிளேடு தானா ஏறுச்சு, தானா இறங்குச்சு. லேசர் சொன்னபடிதான் வெட்டுச்சு. நான் கையே வைக்கலை.”

“லேசர் ஸ்டாண்டை எங்க வச்சீங்க?”

வடக்கு மூலையைக் காட்டினார். ஒரு சின்ன மேடு. அதன்மேல் மூன்று காலில் லேசர் இன்னும் நின்றது.

“மேடாப் பார்த்து வைக்கச் சொன்னீங்கல்ல.”

“கெட்டியான இடம்னும் சொன்னேன். அந்தா மோட்டார் ரூமு வாசல்ல சிமெண்டுத் தரை கிடக்கே, கண்ணுல படலையா?”



தமயந்தி மேட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். மூன்று கால்களும் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. விரல் வைத்து அளந்தாள்.

நாலு விரல்.

“இது இறங்க இறங்க பிளேடும் ஆழமா வெட்டி, வயலும் கூடவே இறங்கியிருக்கு. பழைய மண்ணு இப்படி இறங்காதேண்ணே. இங்க எப்பத் தோண்டுனது?”

ஒச்சப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“பங்குனியில.”

பங்குனியில் அவர் மகள் இறந்தது அவளுக்குத் தெரியும். எங்கே புதைத்தார் என்று கேட்டதில்லை.

பின்னால் நகர்ந்து செருப்பைக் கழற்றினாள்.

“மறுபடி ஓட்டணும்,” என்றாள். “மண்ணு காய எட்டு நாளாவது ஆகும்.”

“நாத்து முத்திப்போகுமே.”

“போகும்.”

ஒவ்வொரு காலாகப் பிடுங்கி, ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிமெண்டுத் தரையில் வைத்தாள். திரும்பி வந்தபோது அவர் மூன்று குழிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஸ்டாண்டு நின்னா வண்டி ஒதுங்கிப் போகும். இனிமே பிளேடு இங்கயும் வருமே, தாயி.”

“வரும். வர்றப்ப கையால தூக்கிக்கலாம். அதுக்கு சுவிட்சு இருக்கு. மொத நாளே சொல்லிக் குடுத்தேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா இதுமேல வச்சீங்க?”

“எத்தனை சுத்து வரணும், தாயி. ஒவ்வொரு சுத்துக்கும் நானே தூக்கணும். ஒவ்வொரு சுத்துக்கும், அவ இங்கதான் கிடக்கான்னு…”

தமயந்தி வேலியில் நாலு குச்சி ஒடித்து வந்தாள். மேட்டைச் சுற்றி ஒவ்வொன்றாக ஊன்றினாள்.

“ஆமாண்ணே,” என்றாள். “ஒவ்வொரு சுத்துக்கும்.”