உப்பு நிறைந்த நாள்

முன்னொரு காலத்தில், உப்பில்லாத குழம்பு ஒன்று ஒரு ராஜ்யத்தையே ஆட்டி வைத்தது. எந்த ராஜ்யம் என்று கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் பொல்லாதவர்கள்.

அன்று காலை மடைப்பள்ளிப் பக்கம் வந்த மகாராஜா, "எல்லாம் இருக்கிறதா?" என்று விசாரித்தார்.

"உப்பு நிறைஞ்சிருக்குங்க, மகாராஜா" என்றார் சமையற்காரர், கைகட்டி.

தீர்ந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னால் வீட்டுக்கு ஆகாது. அதனால் நிறைந்திருக்கிறது என்போம். இது நமக்குத் தெரியும். பிறந்தது முதல் எதுவும் தீர்ந்தே பார்த்திராத மகாராஜாவுக்கு எப்படித் தெரியும்? "மிக்க மகிழ்ச்சி" என்று போய்விட்டார்.

மத்தியானம் குழம்பை வாயில் வைத்தவர், இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இனி என் நாட்டில் வாய் சொல்வதுதான் பொருள். மனதில் ஒன்றை வைத்து வேறொன்று பேசுகிறவனுக்கு இந்த நாட்டில் இடமில்லை!"

பிரதானி திருமேனிக்கு உச்சி குளிர்ந்தது. விகடகவி வைரவனைச் சபையிலிருந்து ஒழிக்க அவர் தேடாத வழியில்லை. நேரே அவன் வீட்டுக்குப் போனார். வைரவன் கடைசிக் கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க பிரதானியாரே, சாப்பிடலாம்!"

சாப்பிடும்போது ஆள் வந்தால் எவனும் சொல்வதுதான். திருமேனியோ சப்பணம் போட்டு உட்கார்ந்து, "போடுங்கள்" என்றார். பானையைக் கவிழ்த்தால் ஒரு பருக்கை விழவில்லை.

மறுநாள் சபையில் தீர்ப்பாகிவிட்டது. மகாராஜாவுக்கு மனமில்லைதான், ஆனால் சட்டம் அவருடையதாயிற்றே. வைரவன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வணங்கினான்.

"போய் வருகிறேன், மகாராஜா."

"போய் வா, வைரவா" என்றார் அவர்.

வைரவன் நடந்தான். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு கால் வைத்தான். திரும்பி வந்து, சபையில் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

"என்ன துணிச்சல்!" என்று துள்ளினார் திருமேனி.

"போய் வா என்பது அரசாணை. போனேன், வந்தேன். பாதி ஆணையை மீற நான் யார்?"

"அட, அது ஒரு பேச்சுக்குச் சொல்வதய்யா! 'போ' என்று யாராவது வழியனுப்புவார்களா?"

"அப்படியானால் மகாராஜா நினைத்தது ஒன்று, சொன்னது ஒன்று என்கிறீர்கள்." வைரவன் தன் மூட்டையை மெல்ல மகாராஜாவின் பக்கம் நகர்த்தினான். "கொஞ்சம் கனம், பிரபு. பார்த்துத் தூக்குங்கள்."

மகாராஜா மூட்டையைப் பார்த்தார், பிரதானியைப் பார்த்தார். கிரீடம் நழுவச் சிரித்தார். சட்டம் அங்கேயே ரத்தானது. வைரவனுக்கு ஒரு மூட்டை அரிசி பரிசு. "திருமேனி, அதை நீரே சுமந்து போய்ச் சமைக்கச் சொல்லும். உம்மைச் சாப்பிடக் கூப்பிட்டானே, பாவம், அந்தச் சாப்பாடு பாக்கி நிற்கிறதல்லவா!"

அந்த நேரம் பார்த்துச் சமையற்காரர் தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "மகாராஜா, புளி நிறைஞ்சிருக்குங்க..."

"ஐயோ, கடைக்கு ஓடும்!" என்றார் மகாராஜா.